முதலில் அம்மாவின் கையெழுத்து

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 71. மனைவிக்கு 66. மகள் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுடன் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இளையவன் மகன், 34 வயது, டவுன் சின்ட்ரோம். குளிப்பான், சாப்பிடுவான், துணி மடிப்பான். காசு கணக்கு தெரியாது. பணிமனையில் சாயங்காலச் சங்கு ஊதினால் ஓடிப்போய் கேட்டைத் திறந்து வைப்பான். நான் ரிட்டையர் ஆகி பதினொரு வருஷம் ஆகியும் அதை விடவில்லை. என் வீடு பொன்மலைப்பட்டியில், 1994-இல் வாங்கியது, பத்திரம் மனைவி பெயரில். வங்கியில் 14 லட்சம் டெபாசிட். போன வருஷத்திலிருந்து மனைவிக்கு ஞாபகமறதி. ஆரம்பக் கட்டம் என்று டாக்டர் சொல்கிறார். காலையில் தெளிவாக இருப்பாள், மாலையில் தடுமாறுவாள். "வீட்டை என் பேருக்கு எழுதிடுங்கப்பா, தம்பியைக் கடைசிவரை நான் பார்த்துக்கறேன்" என்கிறாள் மகள். மகன் பெயருக்கே எழுது, அதுதான் பாதுகாப்பு என்கிறார் மைத்துனர். எங்களுக்குப் பிறகு அவனை ஒரு ஹோமில் சேர்க்கலாம் என்றும் யோசனை. என் வீட்டை யார் பெயருக்கு எழுதுவது?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வீட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் எல்லாம் "என் வீடு" என்றே எழுதியிருக்கிறீர்கள். பணம் உங்களுடையதாக இருக்கலாம், கொத்தனார் பின்னால் வெயிலில் நின்றது நீங்களாக இருக்கலாம். பத்திரம் உங்கள் மனைவி பெயரில் இருக்கிறது. அதனால் வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர். அவரால் எழுத முடிகிற காலமோ குறைந்துகொண்டே வருகிறது. யாருக்கு எழுதுவது என்பதைவிட இதுதான் அவசரம்.

அவர் ஒன்றுமே எழுதாமல் போனால் என்ன ஆகும்? 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகள், மகன் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரும். குறைபாடு இருக்கிறது என்பதற்காக ஒருவரின் வாரிசுரிமை போகாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்புறம் அந்த வீட்டை விற்க, அடமானம் வைக்க, பாகம் பிரிக்க, எதற்குமே மகன் கையெழுத்து வேண்டும். அவர் போடும் கையெழுத்தைச் சார்பதிவாளர் ஏற்கமாட்டார். காப்பாளர் (கார்டியன்) வேண்டும், கோர்ட் அனுமதி வேண்டும் என்று போய்க்கொண்டே இருக்கும்.

"மனைவியிடம் ஒரு பவர் வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா?" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். என் வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்கிறார்கள். போதாது. பவர் என்பது ஒருவர் தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். பவர் எழுதிக் கொடுத்தவரின் மனத்தெளிவு போய்விட்டால், சட்டப்படி அந்தப் பவரும் அதோடு முடிந்தது. எந்த நாளுக்காக வாங்கி வைக்கிறோமோ அந்த நாளில் அது வெறும் தாள். முழுக்க நினைவு தவறிய பெரியவர்களின் சொத்தைக் கையாள நம்மிடம் நேரான ஒரு சட்டமும் இல்லை. குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, காப்பாளராக நியமிக்கும்படி கேட்க வேண்டியிருக்கிறது. 2024-இல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அப்படி நியமித்தது. அவரும் தனி நீதிபதியிடம் தோற்று, மேல்முறையீடு செய்துதான் அதைப் பெற்றார். உங்கள் வயதில் அந்தப் படியெல்லாம் ஏற வேண்டாம்.

சரி, மறதி தொடங்கிவிட்டவர் உயில் எழுதலாமா? எழுதலாம். தான் எழுதுவது என்ன, தன்னிடம் இருப்பது என்ன, தன் மனிதர்கள் யார் என்று எழுதுகிற நேரத்தில் புரிந்திருந்தால் போதும். மற்ற நேரத்தில் மனம் தெளிவில்லாதவர்கூட, தெளிவாக இருக்கும் நேரத்தில் உயில் எழுதலாம் என்று 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால், அவர் தெளிவாக இருந்தார் என்று காட்ட வேண்டியது உயிலை முன்வைப்பவரின் வேலை. 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் எல்லா உயில் வழக்கிலும் வரும்: சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால், அதைப் போக்க வேண்டியவர் அந்த உயிலால் பலன் கேட்பவர்தான். பலன் அடைகிறவரே பக்கத்தில் உட்கார்ந்து உயிலை எழுத வைத்தார் என்பதும் அப்படி ஒரு சூழ்நிலை.

அதனால் உயில் தமிழில் இருக்கட்டும், இரண்டு பக்கத்துக்குள் முடியட்டும், அவரே வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். வக்கீல் அவரிடம் பேசும்போது நீங்களும் மகளும் அறையில் இருக்க வேண்டாம். சாட்சி இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் அவரைப் பார்க்கிற டாக்டராக இருந்தால் ரொம்ப நல்லது. உயிலில் பலன் உள்ள யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் விஷயத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பேன். சார்பதிவாளர் பெயரைக் கேட்டு, விஷயத்தைக் கேட்டு, கைரேகை வாங்கிப் பதிவு செய்த உயிலை "அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, கையைப் பிடித்துப் போட வைத்தார்கள்" என்று உடைப்பது சுலபமில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மகள் பெயருக்கா, மகன் பெயருக்கா? என்னைக் கேட்டால் நேரடியாக இரண்டு பேருக்கும் வேண்டாம்.

மகள் சொல்வதை நான் சந்தேகப்படவில்லை. கேட்காமலே வந்து "பார்த்துக்கறேன்" என்று சொல்லும் அக்கா கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் செட்டில்மென்ட் பத்திரம் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது) எழுதிப் பதிவு செய்துவிட்டால் அன்றைக்கே வீடு அவருடையது. அவருக்கு ஏதாவது ஒன்று ஆனால் அது மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். தம்பி அந்த வரிசையில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. மகள் வாங்கும் கடனுக்கு அந்த வீடு ஜப்திக்கும் வரலாம். "பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யச் சட்டம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 2007-ஆம் வருஷத்து பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23. வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் எழுதிக் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டாமல் பத்திரம் ரத்தாகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025-இல் வந்த இன்னொரு தீர்ப்பு பெரியவர்கள் பக்கம் கொஞ்சம் தாராளமாக இருந்தது. அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிரிவு காப்பது எழுதிக் கொடுத்த மூத்த குடிமக்களை. நீங்கள் இருவரும் போன பிறகு, "அக்கா என்னைக் கவனிக்கவில்லை" என்று உங்கள் மகன் கோட்டாட்சியர் ஆபீஸ் வாசலில் போய் நிற்கப்போகிறாரா?

மைத்துனர் சொல்வது இதைவிட மோசம், அவர் நல்ல மனதோடு சொன்னாலும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், அறிவுசார் குறைபாடுள்ள இளைய மகன் பெயருக்கே முழு வீட்டையும் செட்டில்மென்ட் செய்துவிட்டுக் காலமானார். மழைக்கு மாடித் தளம் ஒழுக ஆரம்பித்தது. பின்பக்க மனையில் ஒரு துண்டை விற்று ரிப்பேர் பார்க்கலாம் என்று அண்ணன் கிளம்பினார். கோர்ட் உத்தரவு வரும்வரை இரண்டரை வருஷம், சொந்த வீட்டில் அந்தத் தம்பி தார்ப்பாய்க்குக் கீழேதான் படுத்தார். பெயர் மட்டும் பத்திரத்தில் ஜம்மென்று இருந்தது.

நான் சொல்லும் வழி, உங்கள் மனைவி சம்மதித்தால், இது: உயிலில் முதலில் உங்களுக்கு ஆயுள் உரிமை. நீங்கள் இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம், மாடியை வாடகைக்கு விட்டால் வாடகை வாங்கலாம். உங்களுக்குப் பிறகு வீடு மகனின் நலனுக்கான ஒரு டிரஸ்டுக்குப் போக வேண்டும். டிரஸ்ட் என்றதும் கோயில், பள்ளிக்கூடம், கோடி ரூபாய் என்று நினைக்க வேண்டாம். 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டப்படி ஒரே ஒரு மனிதரின் நலனுக்காகவும் டிரஸ்ட் வைக்கலாம். அதை உயில் மூலமாகவே உண்டாக்கலாம். வீடு டிரஸ்டிகளின் கையில் இருக்கும், பலன் முழுக்க மகனுக்கு. வாடகையை வசூலிப்பது, வரி கட்டுவது, தேவைப்பட்டால் வீட்டை விற்று அந்தப் பணத்தை அவருக்காக முதலீடு செய்வது எல்லாம் டிரஸ்டிகளின் வேலை. விற்கும் அதிகாரத்தை உயிலில் தெளிவாக எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் தார்ப்பாய்க் கதைதான் மறுபடியும். வருமான வரியில், உயில் வழியாக வரும் டிரஸ்டுக்கும் உயிரோடு இருக்கும்போதே எழுதும் டிரஸ்டுக்கும் நடத்தும் விதம் வேறு. அதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரஸ்டி யார்? மகள் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் தனியாக இருக்கக் கூடாது. மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள், மைத்துனர் பிள்ளைகளில் பொறுப்பான ஒருவர், அப்புறம் குடும்பத்துக்கு வெளியே ஒருவர். அந்த மூன்றாமவரை எங்கே தேடுவது என்று மலைக்காதீர்கள். உங்கள் மகன் சிறு வயதில் சிறப்புப் பள்ளிக்குப் போயிருப்பார் இல்லையா, அங்கே வாசலில் உங்களோடு காத்திருந்த பெற்றோரில் இன்றைக்கும் தொடர்பில் இருக்கும் யாராவது, உங்களைவிட இளையவர். இந்த விஷயத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்களைவிட அவர்களுக்குப் புரிதல் அதிகம் என்பது என் அனுபவம்.

இன்னொன்று சங்கடமானது, ஆனாலும் சொல்கிறேன். மகனின் ஆயுளுக்குப் பிறகு வீடு மகளுக்கு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அதுமட்டும்தான் மகளுக்கு என்றால், தம்பி போனால்தான் அக்காவுக்கு ஏதாவது வரும் என்று ஆகிவிடுகிறது. அக்கா அப்படி நினைக்கமாட்டார், மாப்பிள்ளையும் நினைக்கமாட்டார். இருபது வருஷம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது அந்த நினைப்பு யாருக்காவது ஒரு கணம் வந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் மகளுக்கு என்று தனியாக ஒன்றை, தம்பியோடு சம்பந்தமில்லாமல், உங்கள் உயிலில் எழுதுங்கள். அந்த 14 லட்சத்தில் ஒரு பாகம் என்றாலும் சரி. அம்மாவின் நகை என்றால் அதை அவர் உயிலில்தான் எழுத வேண்டும். மீதி டெபாசிட் அதே டிரஸ்டுக்கு. ஆமாம், உங்களுக்கும் ஒரு உயில் வேண்டும். மகளை நாமினியாகப் போட்டிருந்தால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நாமினி வங்கியிலிருந்து பணத்தை வாங்குகிறவர், அவ்வளவுதான். பணம் யாருடையது என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் தீர்மானிக்கும்.

அடுத்தது உங்கள் பென்ஷன். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் மகனுக்கு நீங்கள் விட்டுப்போகக்கூடியதில், மாதாமாதம் தானாக வரக்கூடியது இது ஒன்றுதான். ரயில்வே ஓய்வூதிய விதிகளில், சொந்தமாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உங்களுக்குப் பிறகு மனைவிக்கு, மனைவிக்குப் பிறகு மகனுக்கு. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. முழு ஓய்வூதியம் 50 சதவீதம் என்பதால், கம்யூட் செய்வதற்கு (ஒரு பாகத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவதற்கு) முந்தைய உங்கள் அடிப்படை ஓய்வூதியத்தில் ஐந்தில் மூன்று பங்கு வரும். எவ்வளவு குறைந்தாலும் மாதம் 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, அதன்மேல் பஞ்சப்படி உண்டு. கம்யூட் செய்த தொகையை இதில் கழிக்கமாட்டார்கள்.

இதை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டும். நீங்கள் கடைசியாக வேலை பார்த்த பணிமனையின் பணியாளர் பிரிவில், மகனின் மருத்துவச் சான்றோடு மனுக் கொடுத்து, ஓய்வூதிய ஆணையில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு, அவருக்காகப் பணத்தை வாங்கப்போகும் காப்பாளர் யார் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். மருத்துவச் சான்றில் "75 சதவீதம்" என்று எண் மட்டும் இருந்தால் போதாது. இவரால் சொந்தமாகச் சம்பாதித்து வாழ முடியாது, குறைபாடு நிரந்தரமானது என்ற இரண்டு விஷயமும் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். அந்த வரி இல்லாமல் திரும்பி வந்த ஃபைல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். தகப்பனார் போன பிறகு இதையெல்லாம் தேட ஆரம்பித்தால் ஒரு வருஷம் காலண்டரில் கிழிந்துவிடும்.

காப்பாளர் என்றதும் உங்களுக்குத் தோன்றும்: "நான்தானே அப்பா, எனக்கு எதுக்குச் சான்றிதழ்?" உங்கள் மகனுக்கு 18 வயது முடிந்த அன்றே சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவருடைய காப்பாளர் இல்லை. பதினாறு வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் உள்ளூர் மட்டக் குழு ஒன்று இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமல் காப்பாளரை நியமிப்பது அந்தக் குழுதான். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மகனின் யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஆதார், போட்டோ, உங்கள் அடையாளச் சான்றுகள் கையில் இருக்கட்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை; இல்லையென்றால் அதே ஜன்னலில் அதையும் கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் தாங்கள் விரும்பும் யாரையும் காப்பாளராகக் கேட்கலாம் என்கிறது சட்டம். மகளையே இப்போதே கேளுங்கள் என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு 71. நீங்கள் சான்றிதழ் வாங்கி, உங்களோடு அதுவும் போய்விட்டால், பென்ஷன் மாற வேண்டிய அதே மாதத்தில் காப்பாளர் இல்லாமல் நிற்க வேண்டிவரும். அப்பா இருக்கும்போது அக்கா எதற்கு என்று குழுவில் சொன்னால், சரி, நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிறகு மகள் என்று உங்கள் உயிலில் எழுதி வையுங்கள். காப்பாளர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், அதன்பின் வருஷா வருஷம் வரவு செலவுக் கணக்கும் குழுவிடம் கொடுக்க வேண்டும். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்பு இருக்கிறது என்பதற்காக ரசீதுகளைத் தொலைக்கக் கூடாது.

ஹோம் விஷயம். எங்களுக்குப் பிறகு சேர்க்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வக்கீல், மனநல ஆலோசகர் இல்லை. முப்பது வருஷமாக இந்தக் குடும்பங்களைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். அப்பா அம்மா போய், அதே வாரத்தில் படுக்கையும் தெருவும் சங்குச் சத்தமும் போனால், 50 வயதில் அந்தப் பிள்ளையால் தாங்க முடிகிறதில்லை. சிலர் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். ஹோம்தான் முடிவு என்றால் இப்போதே போய்ப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் சாப்பாட்டு வேளையில் போங்கள். முதலில் இரண்டு நாள், அப்புறம் ஒரு வாரம் என்று தங்க விட்டுக் கூட்டி வாருங்கள். பெரிய டெபாசிட் கேட்கும் இடமென்றால், பிடிக்காமல் திரும்பினால் பணம் எவ்வளவு நாளில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். முக்கியமாக, மகனிடம் கேளுங்கள். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று எழுதினீர்கள், யாரைப் பிடிக்கும் என்று தெரியாது என்று எழுதவில்லை. கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் போன தடவை எத்தனை நாள் நிம்மதியாக இருந்தார்?

இன்னொரு வேலை உங்களால் மட்டுமே முடியும். ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி மகனைப் பற்றி எழுத ஆரம்பியுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா (டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு அதிகம் வரும்), எந்த டோஸ், எந்த டாக்டர், எந்தப் பல்லில் கூச்சம், இடிச் சத்தத்துக்குப் பயமா, கோபம் வந்தால் எப்படி அடங்குவார், எந்தத் தட்டில் போட்டால் சாப்பிடுவார். சங்கு விஷயத்தையும் எழுதுங்கள். சாயங்காலம் ஒருவர் திடீரென்று எழுந்து வாசலுக்கு ஓடினால், தெரியாதவர்கள் தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். நோட்டை உயிலோடு பெட்டியில் பூட்ட வேண்டாம், ஒரு நகல் மகளிடம் இருக்கட்டும்.

மற்றவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளலாம். மனைவியின் உயிலுக்கு அப்படி எடுக்க முடியாது. காலையில் தெளிவாக இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வரைவு தயாரானதும், சார்பதிவாளர் ஆபீசில் மதியத்துக்கு முந்தைய டோக்கனாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். அன்று காலையிலேயே டாக்டரிடம் கூட்டிப்போய், இன்றைக்கு இவர் தெளிவாக இருக்கிறார் என்று தேதியும் மணியும் போட்டு ஒரு சீட்டு வாங்குங்கள். போகும் வழியில் உயிலைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அன்றைக்கு அவர் தடுமாறினால் டோக்கனை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள், அடுத்த வாரம் இன்னொன்று போடலாம்.